விளையாட்டரங்கைக் கட்டியவர்கள்

பன்னாட்டு விளையாட்டு விழா ஒன்று நடந்து முடிந்ததும் அதன் வரலாறு உடனே எழுதப்பட்டு விடுகின்றது. எந்த நாடு எத்தனை பதக்கம் பெற்றது, யார் எத்தனை விநாடியில் ஓடி முடித்தார், எந்தச் சாதனை முறியடிக்கப்பட்டது என்பன யாவும் ஏட்டில் ஏறிவிடுகின்றன. ஆயின் அந்த ஓட்டத்திற்குரிய தரையைச் சமன் செய்தவர் யார், கூரையைத் தாங்கும் தூணுக்குச் சாரம் கட்டியவர் யார், அவர்களுடைய கைக்குக் கிடைத்த நாட்கூலி எவ்வளவு என்னும் செய்திகள் அந்த ஏட்டில் இடம் பெறுவதில்லை. அவை நிலைத்து நிற்க வேண்டுமானால் யாரேனும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியிருக்க வேண்டும். நம் நாட்டில் அவ்வாறு ஒரு வழக்கு நடந்தது. 1982ஆம் ஆண்டு டில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவையொட்டி எழுந்த அவ்வழக்கின் வரலாற்றை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று.

ஆசிய விளையாட்டு விழா டில்லிக்குப் புதியதன்று. முதல் விழாவே 1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இந்நகரில்தான் நடந்தது. பதினொரு நாடுகள் அதிற் கலந்துகொண்டன. ஆங்கிலேயர் காலத்தில் இர்வின் பெயரால் அமைந்து, பின்னர் தேசிய விளையாட்டரங்கம் எனப் பெயர் மாறிய பழைய அரங்கமே அவ்விழாவுக்குப் போதுமானதாக இருந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் ஒன்றையொன்று கண்டு மகிழ்ந்த எளிய விழா அது.

முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1982 நவம்பர் 19ஆம் தேதி தொடங்கிய ஒன்பதாவது விழாவின் தோற்றமே வேறு. முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் வந்தன. ஜவாஹர்லால் நேரு பெயரால் ஒரு பேரரங்கமும், பின்னர் இந்திரா காந்தி பெயர் பெற்ற ஓர் உள்ளரங்கமும் எழுந்தன. தால்கடோராவில் நீச்சல் குளம், ஸீரிக் கோட்டையின் அருகே வீரர்கள் தங்குவதற்கு ஒரு குடியிருப்பு, நகரின் பல சந்திப்புக்களில் மேம்பாலங்கள், விருந்தினருக்குப் புதிய ஹோட்டல்கள் என்று டில்லியின் உருவமே மாறிற்று. வண்ணத் தொலைக்காட்சியும் அவ்வாண்டில்தான் நம் நாட்டுக்கு வந்தது. இவ்வளவும் மிகக் குறுகிய காலத்தில் முடிந்தாக வேண்டும். விழாவின் தேதி உலகறிய அறிவிக்கப்பட்டுவிட்டது. அதைத் தள்ளிப்போட இயலாது. ஆகவே இரவும் பகலும் வேலை நடந்தது.

டில்லி நிர்வாகமும், டில்லி வளர்ச்சி ஆணையமும், புது டில்லி நகராட்சியும் கட்டட வேலைகளைத் தம்முள் பங்கிட்டுக் காண்டிராக்டர்களிடம் ஒப்படைத்தன. காண்டிராக்டர்கள் ஆள் சேர்க்கும் பொறுப்பை ஜமேதார்களிடம் விட்டனர். ஜமேதார்கள் இராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம், அந்நாளில் ஒரிஸ்ஸா என வழங்கிய ஒடிசா ஆகிய மாநிலங்களின் கிராமங்களிலிருந்து ஏழை மக்களைத் திரட்டி வந்தனர். ஒடிசாவில் இவ்வாறு ஆள் திரட்டும் முறைக்குத் 'தாதன்' என்று பெயர். புறப்படும்போது மாதந்தோறும் கணக்குத் தீர்ப்பதாக வாக்களிப்பார்கள். வேலையிடம் சேர்ந்தபின் அந்த வாக்குக் காற்றில் பறந்துவிடும். மொழியறியாத ஊரில், திரும்பிச் செல்லக் காசில்லாத நிலையில், தொழிலாளி யாரிடம் முறையிடுவான்? இம்முறையின் கொடுமையைத் தடுக்கவே 1979ஆம் ஆண்டில் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் டில்லியில் அதற்குரிய விதிகள் 1982 ஜூன் மாதத்தில்தான் வெளிவந்தன. அதற்குள் தூண்கள் எழுந்துவிட்டன.

அன்று டில்லியில் கட்டடத் தொழிலாளிக்குரிய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 பைசா. காண்டிராக்டர் அதனை ஜமேதாரிடம் கொடுப்பார். ஜமேதார் ஆளுக்கு ஒரு ரூபாய் தரகு எடுத்துக்கொண்டு எஞ்சிய 8 ரூபாய் 25 பைசாவைத் தொழிலாளியிடம் தருவார். ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு இவ்வாறு இடைவழியில் மறைந்தது. கல்லும் கலவைச் சட்டியும் சுமந்த பெண்களுக்குக் கிடைத்ததோ 7 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் அளிக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. எனினும் சித்தாள் தன் கூலியில் நான்கில் ஒரு பங்கை இழந்தாள். பதினான்கு வயது நிரம்பாத சிறுவரும் அங்கே வேலை செய்தனர். குடியிருப்பு, மருத்துவ உதவி ஆகிய வசதிகளும் சட்டம் கூறியவாறு கிடைக்கவில்லை.

இச்செய்திகளை வெளிக்கொணர்ந்தது ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் என்னும் அமைப்பு. அதன் சார்பில் மூன்று சமூகவியல் ஆராய்ச்சியாளர்கள் வேலையிடங்களுக்குச் சென்று விசாரித்து அறிக்கை தயாரித்தனர். அறிக்கையை இணைத்துச் சங்கம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதிற்று. அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. தொழிலாளர் தாமே வந்து முறையிடாதபோது மற்றொருவர் எவ்வாறு வழக்குத் தொடரலாம் என்ற ஆட்சேபம் எழுப்பப்பட்டது. எழுத்தறிவும் பணமும் இல்லாதார்க்காக நல்லெண்ணங்கொண்ட எவரும் நீதிமன்றத்தை நாடலாம் என்று நீதிபதிகள் விடையளித்தனர். தவறு செய்தவர்கள் காண்டிராக்டர்கள். அரசாங்கம் என்ன செய்யும் என்ற வாதமும் வந்தது. வேலையை ஒப்படைத்ததால் பொறுப்பும் கைமாறிவிடாது. சட்டம் நிறைவேறுகின்றதா என்று கண்காணிப்பது அரசாங்கத்தின் கடமையே என்பது நீதிமன்றத்தின் முடிவு.

வழக்கின் உயிர்நிலை நம் அரசியல் சட்டத்தின் 23ஆவது விதியாகும். 'பேகார்' எனப்படும் கூலியில்லா வேலையையும், அதனையொத்த கட்டாய உழைப்பையும் அது தடை செய்கின்றது. பேகார் என்பதற்கு நேரான சொல் தமிழில் 'வெட்டி' என்பது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் வரிகளின் பெயர்களோடு இச்சொல்லும் காணப்படுகின்றது. ஊதியமின்றிச் செய்தாக வேண்டிய உழைப்பை அது குறித்தது. இன்று பயனற்ற பேச்சை வெட்டிப் பேச்சு என்கின்றோம். ஒருவனது உழைப்பைப் பெற்றுக்கொண்டு கைம்மாறு தராத வழக்கம் நம் மொழியில் அத்தகைய சுவட்டை விட்டுச் சென்றிருக்கின்றது.

ஆசிய விழாத் தொழிலாளர் செய்தது வெட்டி வேலையா? அவர்களுக்குக் கூலி கிடைத்ததே. யாரும் சங்கிலியிட்டுக் கட்டவில்லையே என்று கேட்கத் தோன்றும். நீதிபதிகள் இக்கேள்வியை ஆழ்ந்து ஆராய்ந்தனர். கட்டாயம் என்பது தடியால் மட்டும் வருவதன்று, சட்டத்தாலும் வரலாம், பசியாலும் வரலாம். குறைந்தபட்சக் கூலி தனக்கு உரியது என்றிருக்க, அதனினும் குறைந்த தொகைக்கு ஒருவன் உழைக்க இசைவானாயின், வறுமையன்றி வேறெது அவனை அதற்கு உந்தியிருக்கும்? ஆகவே குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ்ப்பட்ட உழைப்பு கட்டாய உழைப்பேயாகும் என்று 1982 செப்டம்பர் 18ஆம் தேதி தீர்ப்பு வெளிவந்தது. கட்டட வேலை ஆபத்து மிக்க தொழில் என்றும், அதிற் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்துதல் 24ஆவது விதிக்கு முரண் என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. சட்டத்தை மீறியவருக்கு அற்ப அபராதம் விதித்து அனுப்பும் வழக்கத்தையும் அது கண்டித்தது. வேலையிடங்களைச் சென்று பார்த்து அறிக்கை தர மூவரை நீதிமன்றம் முன்னரே நியமித்திருந்தது.

தீர்ப்பு வந்த இரண்டு திங்களில் விழா தொடங்கிற்று. அப்பு என்னும் யானைக்குட்டிச் சின்னத்தைக் கண்டு நாடே களித்தது. அந்தக் களிப்பு குற்றமாகாது. விளையாட்டு விழா வேண்டாம் என்று இவ்வழக்கில் யாரும் வாதிடவில்லை. விழாவால் டில்லிக்கு நல்ல சாலைகள் கிடைத்தன. பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்தது என்பதும் மெய்யே. ஆனால் வேலை கொடுத்தோம் என்பது கூலியைக் குறைப்பதற்கு நியாயமாகாது. தீர்ப்பின் பொருளும் அதுவே.

இத்தீர்ப்பு எழுதிய பாடத்தை நாம் கற்றோமா? 1996ஆம் ஆண்டில் கட்டடத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அவர்களைப் பதிவு செய்து, கட்டடச் செலவில் ஒரு பங்கைத் தீர்வையாக வாங்கி, அந்நிதியால் உதவி செய்ய வழி வகுக்கப்பட்டது. பின்னர் 2010ஆம் ஆண்டு அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டு விழா அதே டில்லிக்கு வந்தது. அதே சங்கம் மீண்டும் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. டில்லி உயர் நீதிமன்றம் முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் தலைமையில் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தது. குறைந்தபட்சக் கூலி தரப்படாமை, சுகாதாரமற்ற குடிசைகள், பதிவு பெறாத தொழிலாளர் என அக்குழு கண்டவை பெரும்பாலும் பழைய கதையே. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், செப்டம்பர் 21ஆம் தேதி, நேரு விளையாட்டரங்கின் அருகே கட்டப்பட்டு வந்த நடைபாலம் சரிந்து 20க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இருபத்தெட்டு ஆண்டுகளில் அரங்கின் கூரை மாறிற்று. அதன் அடியில் நின்றவன் நிலை மாறவில்லை.

இது டில்லிக்கு மட்டும் உரிய குறையன்று. 2022ஆம் ஆண்டின் உலகக் கால்பந்து விழாவுக்காகக் கத்தார் நாட்டில் அரங்கங்களை எழுப்பியவர்களில் இந்தியர், நேபாளியர், வங்க தேசத்தவர் பெருந்தொகையினர். முதலாளியின் இசைவின்றித் தொழிலாளி வேறு வேலைக்குச் செல்லலாகாது என்னும் கட்டுப்பாடு அங்கே 2020ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்பாலான அரங்க வேலை நடந்தேறிவிட்டது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் வேலை முந்திக்கொள்வதை டில்லியிலும் கண்டோம், தோஹாவிலும் கண்டோம். விழாவின் தேதி நிலையானது. தொழிலாளியின் உரிமையோ தள்ளிப்போடத் தக்கதாகக் கருதப்படுகின்றது.

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டு விழா அகமதாபாத் நகருக்கு அளிக்கப்பட்டிருக்கின்றது. ஒலிம்பிக் விழாவையும் நம் நாடு நாடி நிற்கின்றது. இம்முறை தூண் எழுமுன் செய்யத்தக்கவை சில உண்டு. தொழிலாளி வந்து சேரும் அன்றே அவன் பெயர் பதிவேட்டில் ஏறவேண்டும். கூலி இடைத்தரகர் கையில் தங்காமல் அவனையும் அவளையும் நேரே சேரவேண்டும். காயமுற்றவனுக்கும் இறந்தவன் குடும்பத்துக்கும் தரவேண்டியது வழக்கின்றித் தரப்படவேண்டும். இவற்றிற் புதியது ஒன்றுமில்லை. யாவும் 1982ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்தின் ஏட்டில் எழுதப்பட்டவற்றின் வழிவந்தவையே. அந்த ஏட்டைக் கட்டட வேலை தொடங்குமுன் எடுத்துப் படிப்பதுதான் இனி நாம் செய்யவேண்டுவது.