காற்றுத் துப்பாக்கிப் பராமரிப்பு

காற்றுத் துப்பாக்கிப் பராமரிப்பு என்பது, வெடிமருந்தின்றி அமுக்கப்பட்ட காற்றின் விசையால் குண்டைச் செலுத்தும் துப்பாக்கியைத் தூய்மை செய்து, உயவிட்டு, பழுது நீக்கிக் காக்கும் முறையாகும். பேச்சு வழக்கில் இத்துப்பாக்கி ஏர் கன் எனவும், இதிலிடும் சிறு ஈயக் குண்டு ரவை எனவும் வழங்கப்படுகின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் பலரும் இதனை முதன்முதலில் கையில் எடுப்பது கோயில் திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் அமைக்கப்படும் பலூன் சுடும் கடைகளிலேயே ஆகும்.

வெடிமருந்துத் துப்பாக்கியில் சுட்டபின் கரியும் அரிக்கும் கழிவும் படிவதால் குழலை அடிக்கடி துடைக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியில் அத்தகைய கழிவு இல்லை. இதனைக் கெடுப்பவை பெரும்பாலும் தூசி, துரு, தவறான இடத்தில் இட்ட எண்ணெய் ஆகியவையாகும். இவற்றுள் எண்ணெயின் கேடே குறைவாக அறியப்பட்டது.

அமைப்பு

பலூன் கடைகளில் காணப்படுவது பொதுவாகச் சுருள்வில் வகையாகும். குழலை முன்புறம் மடக்கும்போது உருளையினுள் உள்ள உந்துதண்டு பின்னே இழுக்கப்பட்டு, வலிய சுருள்வில் அமுங்குகிறது. விசையை அழுத்தியதும் சுருள்வில் விரிந்து உந்துதண்டை முன்னே தள்ளும். உருளையிலுள்ள காற்று நொடிப்பொழுதில் அமுங்கி, ஒரு சிறு துளை வழியே பாய்ந்து ரவையை வெளியேற்றும். உந்துதண்டின் தலையில் தோல் அல்லது நெகிழி வாஷர் ஒன்றும், குழலும் உருளையும் பொருந்தும் வாயில் மற்றொரு வாஷரும் இருக்கும். துப்பாக்கியின் வலு இவ்விரண்டையும் சுருள்வில்லையும் பொறுத்ததாகும்.

காற்றுத் துப்பாக்கியின் வரலாற்றிலும் பராமரிப்புக்கு இடமுண்டு. பார்த்தலோமியோ கிரார்தோனி உருவாக்கி, 1780ஆம் ஆண்டளவில் ஆத்திரியப் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கி ஒருமுறை காற்றடைத்தபின் பல குண்டுகளைத் தொடர்ந்து சுடவல்லதாக இருந்தது. எனினும் அதன் கலத்தை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை கையால் காற்றடிக்க வேண்டியிருந்தது. தோல் வாஷர்கள் உலராமல் காக்கப்படவும் வேண்டியிருந்தது. போர்க்களத்தில் இவற்றைப் பேணுவது அரிதாக இருந்தமை, பின்னர் அது கைவிடப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்றாகும்.

எண்ணெய் இடுதல்

துப்பாக்கி வலு குறைந்ததாகத் தோன்றினால் காற்றுத் துளையில் தையல் எந்திர எண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ விடுவது தவறாகும். அமுங்கும் காற்று கடுமையாகச் சூடேறும்போது அங்குள்ள எண்ணெய் ஆவி, டீசல் எந்திரத்தில் நிகழ்வதைப் போல, தானே தீப்பற்றுகிறது. பெருஞ்சத்தமும் குழல் வாயில் புகையும் இதன் அடையாளங்கள். ரவை வழக்கத்தைவிட விரைவாகப் பாய்வதால் துப்பாக்கி சரியாகிவிட்டது எனச் சுடுபவர் கருதக்கூடும். உண்மையில் ஒவ்வொரு வெடிப்பும் வாஷரைக் கருக்கி, சுருள்வில்லை நைக்கிறது. தேங்காயெண்ணெய்க்கு வேறொரு குறையும் உண்டு. மார்கழி இரவில் அது உறைந்துவிடும்.

தோல் வாஷர் உள்ள துப்பாக்கிக்கு நெடுநாளைக்கு ஒருமுறை, தயாரிப்பாளர் கூறும் எண்ணெயில் ஓரிரு துளிகள் போதுமானவை. நெகிழி வாஷருக்குப் பெரும்பாலும் எதுவும் தேவையில்லை. குழல் மடங்கும் கீலுக்கும் விசையின் அச்சுக்கும் சிறிதளவு உயவு எண்ணெய் இடலாம். வெளிப்புற இரும்பை எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும்.

தூசியும் ஈரமும்

இச்சமவெளியின் திருவிழாக்களுள் பல ஆடி மாதத்தில் நிகழ்கின்றன. சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் ஆடிப் பெருவிழா இவற்றுள் புகழ் பெற்றது. ஆடிக்காற்று எழுப்பும் புழுதி, திறந்த வெளியில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை மடக்கப்படும் துப்பாக்கியின் கீலில் எளிதில் புகும். எண்ணெய் மிகுந்த கீல் புழுதியைப் பிடித்துக்கொள்ளும்; அக்கலவை அரத்தைப் போல உலோகத்தைத் தேய்க்கும். கீல் தளர்ந்தால் குழல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிலையில் நின்று குறி தப்பும். கடைக்காரர் குறிகாட்டியை வேண்டுமென்றே வளைத்து வைத்திருக்கிறார் எனத் திருவிழாக்களில் கூறப்படுவதுண்டு. தளர்ந்த கீல் திருகாணியும் அதே விளைவைத் தரும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் துருவே முதற்கேடாகும். வியர்வையிலுள்ள உப்பு ஓரிரவிலேயே இரும்பில் விரல் தடத்தைப் பதிக்கும். பஞ்சு வைத்த உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் துப்பாக்கியை அதனுள் நெடுநாள் வைத்திருத்தல் கூடாது.

குழலைத் துடைத்தல்

ஈயம் மென்மையானதாகையால் குழலின் உட்புறச் சுழல்வரிகளில் சிறிது சிறிதாகப் படியும். குறி தவறத் தொடங்கும்போது துடைத்தால் போதும். நாள்தோறும் துடைப்பதால் நன்மையைவிடத் தேய்மானமே மிகுதி. நூல் துணியை அல்லது கம்பளிக் குண்டைக் குழலின் பின்வாயிலிருந்து முன்வாய்க்கு ஒரே திசையில் செலுத்த வேண்டும். இரும்புக் கம்பியால் குத்துதல் கூடாது. முன்வாயின் விளிம்பில் ஏற்படும் சிறு கீறலும் ரவையைத் திசை மாற்றும்.

பின்வாய் வாஷரில் கசிவு உள்ளதா என அறிய, மூட்டின் மீது மெல்லிய தாள் துண்டை வைத்து, பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுட்டுப் பார்க்கலாம். தாள் பறந்தால் வாஷரை மாற்ற வேண்டும். ரவை இல்லாமல் சுட்டுச் சோதித்தல் கூடாது. எதிரழுத்தம் இல்லாத உந்துதண்டு உருளையின் முகப்பில் நேராக மோதி வாஷரையும் சுருள்வில்லையும் சிதைக்கும். மடக்கிய நிலையிலேயே துப்பாக்கியை விட்டுவைத்தால் சுருள்வில் தளரும்.

பாதுகாப்பு

துடைக்கத் தொடங்கும் முன் ரவை இல்லை என்பதைக் குழலைத் திறந்து கண்ணால் காண வேண்டும். ரவையிடும்போதும் துடைக்கும்போதும் மடக்கிய குழலை மற்றொரு கையால் இறுகப் பற்றியிருத்தல் வேண்டும். தேய்ந்த விசை நழுவினால் குழல் பெருவிசையுடன் மூடி விரலை நசுக்கிவிடும். பின்மூடியினுள் சுருள்வில் அமுங்கிய நிலையிலேயே இருப்பதால், அதற்கான பிடிப்புக் கருவி இன்றி அதனைக் கழற்றுதல் ஆபத்தானது. ரவைகளை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் ஈய நஞ்சுக்கு வழியாகும். துடைத்தபின் கை கழுவாமல் உண்ணுதல் கூடாது.

ஆயுத விதிகள், 2016இன்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கோ ஆற்றல் 20 ஜூலுக்கோ மேற்பட்டால் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. எனவே பழைய சுருள்வில்லுக்கு மாற்றாக வலிமை மிகுந்ததைப் பொருத்துவது சட்டச் சிக்கலாகவும் ஆகலாம்.

போட்டித் துப்பாக்கிகள்

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984இல் தொடங்கியது. 2008 பெய்ஜிங்கில் இப்போட்டியில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடுதலின்போது தம் துப்பாக்கியின் குறி விலகியிருப்பதைக் கண்டு அவர் சரிசெய்ய நேர்ந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் இதே போட்டியில் தங்கம் பெற்றார். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் மட்டுமே என்பதால் சிறு விலகலும் பொருட்படுத்தத் தக்கது.

இவ்வகைத் துப்பாக்கியில் சுருள்வில் இல்லை. ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்றடைத்த சிறு உருளை உண்டு. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளில் உள்ள பெரிய அமுக்கிகளும் இதில் சிறு பங்கு அழுத்தத்தையே தருகின்றன. அக்காற்றில் எண்ணெயும் நீராவியும் கலந்திருக்கும். போட்டி உருளைக்கு உலர்ந்த தூய காற்று தேவை. இல்லையெனில் உள்ளே நீர் தேங்கி அரிப்பு ஏற்படும். உருளைகளுக்குப் பயன்பாட்டுக் காலவரையறை குறிக்கப்பட்டிருக்கும். அது கடந்தபின் பார்வைக்குப் புதியதாக இருப்பினும் பயன்படுத்தலாகாது.

வண்ணப்பந்துத் துப்பாக்கி

மரங்களையும் கால்நடைகளையும் வண்ணத்தால் அடையாளமிட அமெரிக்காவில் உருவான இக்கருவி, 1981இல் நியூ ஹாம்சயர் மாநிலத்தில் முதன்முறையாக விளையாட்டுக்குப் பயன்பட்டது. ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள இதன் பந்து, செலட்டின் உறையில் நீரில் கரையும் வண்ணம் அடைத்ததாகும். குழலினுள் பந்து உடைவதே இதன் முதன்மைப் பழுதாகும். வண்ணத்தை ஈரத்துணியாலோ இழுதுடைப்பானாலோ எடுத்து, குழலை உலர்த்தியபின்னரே அடுத்த பந்தை இட வேண்டும். உறை ஈரத்தில் ஊதும், வெயிலில் இளகும்.

கரியமில வாயு உருளையில் இயங்கும் துப்பாக்கிக்குச் சேலத்துக் கோடை தனிச் சிக்கலைத் தருகிறது. ஏறத்தாழ 31 பாகை செல்சியசுக்கு மேல் அவ்வாயு நீர்ம நிலையில் இருப்பதில்லை. நிறைந்த உருளையில் அழுத்தம் விரைந்து ஏறும். இதனால் காலையில் சீரமைத்த வேகம் நண்பகலில் பொருந்தாது. விளையாட்டுக் களங்களில் பொதுவாக ஏற்கப்படும் உச்சவரம்பு நொடிக்கு 300 அடி. இதற்கு மேற்பட்ட பந்து உடலில் கடுங்காயம் உண்டாக்கும். நிறைந்த உருளையை வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்தலும், வாயுவை வெளியேற்றாமல் துப்பாக்கியைப் பிரித்தலும் கூடாது. உருளையை அகற்றிய பின்னும் உள்ளே ஒரு சுடுதலுக்குப் போதிய வாயு எஞ்சியிருக்கும். ஆகவே பாதுகாப்பான திசையில் சுட்டு அதனை வெளியேற்றிய பின்னரே முகக்கவசத்தைக் கழற்றலாம்.