கோயில் இல்லாத புராணம்

‘லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற பெரிய நாவலை நான் படித்து முடித்தபோது ஒரு சந்தேகம் மனத்தைக் குடைந்தது. மன்னர்கள் வருகிறார்கள், மாயாவிகள் வருகிறார்கள். வழி நெடுகப் போரும் மரணமும் வருகின்றன. ஆனால், கதை செல்லும் வழியில் ஒரு கோயில்கூட இல்லை. எழுதியவரோ நாஸ்திகர் அல்லர். ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர்.

அந்தப் பக்திக்குப் பின்னால் ஒரு தாயின் துயரம் இருக்கிறது. கணவரை இழந்த மேபல், 1900-ல் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். உறவினர் முகம் திருப்பினர். பண உதவி நின்றது. 1904-ல் நீரிழிவு நோய் அவரைக் கொண்டுபோயிற்று. இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. மூத்த மகனுக்கு வயது 12. தாய் தம் விசுவாசத்துக்காகவே உயிரைக் கொடுத்தார் என்று அந்த மகன் கடைசிவரை நம்பினார்.

அவருக்கு இன்னொரு ஏக்கமும் இருந்தது. இங்கிலாந்துக்கென்று சொந்தப் புராணம் இல்லையே என்பதுதான் அது. ஆர்தர் கதை இருக்கிறதே என்பீர்கள். அது ஆங்கிலேயருக்கு முந்திய பிரித்தானியருடையது. தவிர, அதில் கிறிஸ்தவம் வெளிப்படையாகத் தலைகாட்டுகிறது என்பது அவர் குறை. பின்லாந்தில் லோன்ரோத் நாட்டுப் பாடல்களைத் திரட்டி 1835-ல் ‘கலேவலா’வை வெளியிட்டார். டோல்கீனுக்குத் திரட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. கற்பனை செய்யத்தான் வேண்டியிருந்தது. 1916-ல் சோம் போர்க்களத்திலிருந்து காய்ச்சலோடு திரும்பியவர், அந்தப் புராணத்தின் முதல் கதைகளை எழுதத் தொடங்கினார்.

நாவல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1953-ல், ஒரு நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில் என் சந்தேகத்துக்கு விடை இருக்கிறது. அடிப்படையில் இது கத்தோலிக்கப் படைப்பே. அதனால்தான் வழிபாடு, சடங்கு பற்றிய பேச்சையே விலக்கினேன். சமயம் கதைக்குள்ளேயே கரைந்துவிட்டது என்கிறார். குழம்பில் போட்ட உப்பு கண்ணுக்கா தெரிகிறது?

நாக்கில் படும் இடம் ஒன்று உண்டு. அந்த மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. தேவதூதன் மரியாளுக்கு மங்களச் செய்தி சொன்னதாகக் கத்தோலிக்கர் கொண்டாடும் திருநாள் அது. 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்ததும் அதே நாளில்தான். தாயின் மதமும் தாய்நாடும் அவர் வாழ்வில் முரண்பட்டு நின்றன. ஒரு தேதியில் இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டார் மகன்.

இதை அறிந்த பிறகு நாவலை மறுபடியும் எடுத்தேன். கோயிலைத் தேடவில்லை.