புகையிலை எழுப்பிய வினா



"ஐயா, வைரசுக்கு உயிர் உண்டோ?" என்று வகுப்பிலே மாணவன் ஒருவன் வினவினான். கலைப்பட்டதாரியாகிய நான் வரலாற்றைக் கொண்டே விடை கூறினேன். அவ்வரலாறு நம் யாழ்ப்பாணத்தார்க்கு அயலானதன்று. நமது செம்பாட்டு மண்ணில் விளைந்து, ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை விலைபோன புகையிலைப் பயிரே அதன் களம்.

புகையிலைக்குத் தேமல் என்றொரு நோய் உண்டு. பச்சை இலையில் வெளிறிய திட்டுக்கள் பரவும், விளைவு குன்றும். ஒல்லாந்து தேசத்தில் ஆய்வு செய்த மாயர், நோயிலையின் சாறு நல்ல செடிக்கும் நோயைத் தருமென 1886இல் எழுதினார். 1892இல் உருசியரான இவனோவ்ஸ்கி, பற்றீரியாவைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியில் அச்சாற்றை வடித்தார். வடிந்த சாறும் நோய் தந்தது. அது வெறும் நஞ்சாயின் செடிக்குச் செடி செல்லுகையில் வலி குன்றுமன்றோ? குன்றாது பெருகுவதைக் கண்ட ஒல்லாந்த அறிஞர் பையெரிங்க், 1898இல் அதனை 'உயிருள்ள தொற்றுத் திரவம்' என்றார்.

தராசு உயிரின் பக்கம் சாய்ந்தது. ஆனால் 1935இல் அமெரிக்கரான ஸ்டான்லி அதனை உப்பைப்போலப் பளிங்காக்கிக் காட்டினார். பளிங்கு உண்பதில்லை. ஆயினும் அதைக் கரைத்து இலையில் தேய்க்க, மீண்டும் தேமல் தோன்றிற்று! 1955இல் கலிபோர்னியாவில் அதனைப் புரதமாகவும் நியூக்கிளிக்கமிலமாகவும் பிரித்து மறுபடி இணைத்தபோது, நோய் தரும் ஆற்றலும் திரும்பிற்று.

உறங்கும் விதை எனலாமோ? விதை மண்ணும் நீரும் பெற்றால் தானே முளைக்கும். வைரசோ பிறவுயிரின் கலத்துட் புகுந்து, அக்கலத்தின் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றார் தொல்காப்பியர். வைரசுக்கு அந்த ஓரறிவும் இல்லை. வெளியே அது சடம். கலத்தினுள்ளே உயிரின் தொழில் புரிவது. 'நச்சுயிரி' என்ற தமிழ்ப் பெயரில் நஞ்சும் உயிரும் ஒருங்கே நிற்பது பொருத்தமே.

இஃது ஏட்டு வாதமன்று. பாடம்போட்ட புகையிலையிலும் இவ்வைரசு பல்லாண்டு கெடாது கிடக்கும். சுருட்டுப் பிடித்த விரல் நாற்றைத் தொட்டால் நோய் தொற்றும். சடமென்று அசட்டை செய்தவன் பயிரை இழப்பான். பூச்சியைப்போல் மருந்தடித்துக் கொல்ல முனைந்தவன் பணத்தை இழப்பான். நோயுற்ற செடியைப் பிடுங்கி அகற்றுவதும், சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதுமே காவல்.

வினா தீர்ந்தபாடில்லை. ஆனால், அதனைக் கேட்டவர்களாலேயே நாம் பயிரைக் காக்கக் கற்றோம் என்று அம்மாணவனுக்குச் சொன்னேன்.