சத்தம் எங்கிருந்து வருகிறது?



கார்த்திகை தீபத் திருவிழா சமயத்தில் பேரனுடன் அண்ணாமலையார் கோயிலுக்குப் போயிருந்தேன். வாசலில் இருந்த மெட்டல் டிடெக்டருக்குள் நுழைந்ததும் 'பீப்' என்றது. சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் சத்தம். விபூதி டப்பாவை எடுத்தேன். அப்போதும் விடவில்லை. கடைசியில் பார்த்தால் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண்!

பேரன் சிரித்தான். "தாத்தா, மெஷின் பொய் சொல்லுது."

"இல்லடா, மூணு தடவையும் உண்மையைத்தான் சொல்லுச்சு" என்றேன். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? வரிசையில் நின்றபடி அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டான். ஒரு குண்டு உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே வந்ததே 1895-இல்தான். அதனால் தொலைபேசி கண்ட கிரகாம் பெல், உலோகத்தின் அருகே போனால் ஒலி தரும் கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். உடம்பில் பழைய குண்டு தங்கியிருந்த போர்வீரர்களிடம் அது சரியாக வேலை செய்தது. ஜனாதிபதியிடமோ ஓரிடத்தில் நில்லாமல் பரவலாகச் சத்தம் கேட்டது. அவர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது பிறகுதான் தெரிந்தது! போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம் இருப்பதாக முடிவு கட்டிய தலைமை மருத்துவர் பிளிஸ், அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். செப்டம்பர் 19-இல் ஜனாதிபதி இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது.

இப்போது இலங்கைக்கு வாருங்கள். யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலையில் முகமாலை. பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த இடம். அங்கே ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் நம் தமிழ்ப் பெண்களும் கண்ணிவெடி அகற்றுகிறார்கள். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு.

அந்த வெடிகளில் பலவற்றுக்குப் பிளாஸ்டிக் உடல். உள்ளே இருக்கும் உலோகம் மிகக் கொஞ்சம். அதைப் பிடிக்கக் கருவியை நுட்பமாக வைக்க வேண்டும். நுட்பமாக வைத்தால், தோட்டாக் கூடு, ஷெல் சிதறல், துருப்பிடித்த ஆணி என்று எல்லாவற்றுக்கும் கத்தும். இரும்புச்சத்துள்ள மண்ணே சில இடங்களில் ஏமாற்றும். அதனால் முதலில் அந்த மண்ணுக்கேற்பக் கருவியைச் சரிசெய்கிறார்கள். சத்தம் வந்தால், வேறு திசையிலிருந்தும் வீசிப் பார்த்து இடத்தைக் குறிக்கிறார்கள். மேலிருந்து குத்தாமல், சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் மெதுவாகத் தோண்டுகிறார்கள். ஆணி கிடைத்தால் வேலை முடிந்ததா? இல்லை. அதே குழியை மறுபடியும் சோதிக்க வேண்டும். ஆணிக்கு அடியில் வெடி இருக்கலாம். நூறு முறை ஆணியே வந்தாலும், நூற்றொன்றாவது சத்தத்தையும் வெடி என்றே எண்ணித் தோண்டுகிறார்கள்.

இதைப் படித்தபோது ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. என் வகுப்பில் தினமும் பத்து மணிக்கு "வயித்து வலி சார்" என்பான். நோட்டை வாங்கிப் பார்ப்பேன், வீட்டுப்பாடம் எழுதியிருக்க மாட்டான். 'அதானே பார்த்தேன்' என்று வெளியே நிற்க வைப்பேன். சில மாதம் கழித்து அவன் அம்மா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது, காலையில் சாப்பிடாமலே வந்திருக்கிறான். மதியச் சத்துணவுதான் அவனுக்கு முதல் சாப்பாடு.

ஆணி கிடைத்ததும் நான் குழியை மூடிவிட்டேன். அடியில் இருந்ததைத் தேடவே இல்லை.

அவன் இன்று நன்றாக இருக்கிறான். இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, அன்று கேட்காத மன்னிப்பை இன்று கேட்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், காரணம் தெரிந்த பிறகும் இன்னொரு முறை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், திருவண்ணாமலை