வீட்டருகே நகர மையம், தொலைவில் தேக்கா



அண்மையில் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "எங்கள் வட்டாரத்தில் நூலகம், ஈரச்சந்தை, ரயில் நிலையம் எல்லாம் இருக்கின்றன. பூச்சரமும் புடைவையும் வாங்க மட்டும் ஏன் தேக்காவுக்குப் போகிறோம்?" வினா சிறியது. விடையோ நம் நகரம் அமைக்கப்பட்ட வரலாற்றில் இருக்கிறது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். முதல் ஐந்தாண்டுகளிலேயே கழகம் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. ஆயினும், வீடு மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு தேவைக்கும் மக்கள் நகருக்குள் வரவேண்டுமெனில் சாலைகள் தாங்கா. எனவே கழகமே முழுமையாகத் திட்டமிட்ட முதல் புதுநகரான தோ பாயோவில் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. அன்றாடத் தேவைக்குரிய கடைகள் வீடுகளின் அருகில். பெரிய கடைகள், திரையரங்கு, பேருந்து நிலையம் ஆகியவை நகர மையத்தில். 1974இல் அங்கே நூலகமும் திறக்கப்பட்டது. பெருஞ்சதுப்பு என்று பொருள்படும் பெயருடைய ஓரிடம் இவ்வாறு தன்னிறைவு பெற்ற ஊராயிற்று.

1971இல் உருவான நீண்டகால நிலப்பயன்பாட்டுத் திட்டம், தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சூழ்ந்து வளையம் போலப் புதுநகரங்களை அமைத்து, அவற்றை விரைவுச்சாலைகளாலும் ரயிலாலும் இணைக்க எண்ணியது. பேருந்துகளே போதும் என்ற வாதமும் எழுந்தது. நெடிய விவாதத்திற்குப் பின் 1982இல் ரயில் திட்டத்திற்கு அரசாங்கம் இசைவளித்தது. 1987 நவம்பர் 7 அன்று ஓடிய முதல் பெருவிரைவு ரயில், இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களை மட்டுமே தொட்டது. நகரின் நடுப்பகுதிக்கு அது வந்து சேர்ந்தது டிசம்பரில்தான்.

இந்த மாற்றத்தில் தமிழர் நிலை என்ன? முன்பு சிராங்கூன் சாலை, செம்பவாங் கடற்படைத்தளம், தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதி ஆகிய இடங்களில் தமிழர் சேர்ந்து வாழ்ந்தனர். தளத்திலிருந்து பிரிட்டிஷ் படையினர் விலகியதும், பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டதும் அவர்களைப் புதுநகரங்களுக்கு அனுப்பின. 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்து ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காடு, ஒரு புளோக்கில் 13 விழுக்காடு என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2010இல் அது சற்று உயர்த்தப்பட்டது. அதே 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இனங்கள் தனித்தனிச் சேரிகளாகப் பிரியாமல் காத்த கொள்கை அது. அதன் நன்மையை நாம் மறுக்க இயலாது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. எந்தப் புதுநகரிலும் தமிழ்க் கடைத்தெரு ஒன்று தானாக உருவாகும் அளவுக்குத் தமிழர் ஓரிடத்தில் சேர வழியில்லை. நம் பிள்ளை மின்தூக்கியிலும் விளையாட்டுத் திடலிலும் தமிழ் கேட்பது அரிது.

2003 ஜூன் 20 அன்று வடகிழக்கு ரயில்தடம் திறக்கப்பட்டபோது லிட்டில் இந்தியாவுக்கு நிலையம் கிடைத்தது. 2015 டிசம்பரில் டௌன்டவுன் தடமும் அங்கே வந்து சேர்ந்தது. சிதறி வாழும் நமக்கு இவ்விரு தடங்களும் பெரும் துணை. ஆயினும் ரயில் நம்மைத் தேக்காவுக்குக் கொண்டுசெல்லும். தேக்காவின் மொழியை நம் வீட்டுக்குக் கொண்டுவராது.

அந்த மாணவியிடம் இவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். "அப்படியென்றால் எங்கள் வட்டாரத்தில் தமிழ் எங்கே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டாள். ஒவ்வொரு வட்டாரத்திலும் அதற்கு இரண்டே இடங்கள்தாம் உறுதி: வகுப்பறையும் வீடும். வகுப்பறையில் அவளுக்குக் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரம். மீதியைப் பெற்றோராகிய நீங்கள்தாம் தரவேண்டும். அடுத்த ஞாயிறு தேக்காவுக்குச் செல்லும் ரயிலிலேயே அதைத் தொடங்கலாமே!