குழந்தைகளுக்கான எளிய 'பாம் பாம்' கைவினைகள்: செய்முறை முதல் பாதுகாப்பு வரை

புதுடெல்லி: பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், கைபேசிக்கு மாற்றாகக் குழந்தைகளின் கையில் எதைக் கொடுப்பது என்பதே பெற்றோர் பலரின் கவலையாக இருக்கிறது. ஓர் உல்லன் நூற்கண்டு, ஒரு பழைய அட்டை, ஒரு கத்தரிக்கோல் ஆகிய மூன்றும் இருந்தால், அந்தக் கேள்விக்கு ஒரு மாலைப் பொழுதுக்கேனும் விடை கிடைத்துவிடும். நூலைச் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, ஓரங்களை வெட்டினால் உருவாகும் மென்மையான பந்துதான் 'பாம் பாம்'. செய்வதற்கு எளிதான இந்தப் பந்து, கவனக்குறைவாகக் கையாண்டால் சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடியதும் ஆகும். எனவே செய்முறையுடன் பாதுகாப்பு விதிகளையும் சேர்த்தே அறிந்துகொள்வது அவசியம்.

பெயரும் பின்னணியும்

'பாம் பாம்' என்ற பெயர் 'பொம்பொன்' என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளின் தொப்பியில் சிவப்பு நிறத்திலும், கிரேக்க நாட்டின் பாரம்பரியக் காவல் படையினரின் காலணி முனையில் கருப்பு நிறத்திலும் இந்தப் பந்துகளை இன்றும் காணலாம்.

இந்தியாவுக்கும் இது புதியதன்று. குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானிலும் ஒட்டகங்களை வண்ணக் கம்பளிக் குஞ்சங்களால் அலங்கரிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பஞ்சாப் பெண்கள் சடையில் பின்னிக்கொள்ளும் 'பராந்தி'யின் முனையில் குஞ்சம் தொங்கும். பஞ்சாரா எனப்படும் லம்பாடி மக்களின் உடைகளில் கண்ணாடித் துண்டுகள், சோழிகளுடன் நூல் குஞ்சங்களும் இடம்பெறுகின்றன. கர்நாடகத்தின் சண்டூர் லம்பாடிப் பூந்தையல் புவிசார் குறியீடு பெற்ற கைவினையாகும்.

ஏன் இந்தக் கைவினை?

நூலைச் சீராகச் சுற்றும்போது ஒரு கை பிடித்திருக்க, மறு கை இயங்குகிறது. இரு கைகளையும் ஒருங்கிணைத்துப் பயன்படுத்தும் இப்பழக்கமும், கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நூலைப் பற்றும் பயிற்சியும், பின்னாளில் பென்சில் பிடிக்கவும் பொத்தான் மாட்டவும் தேவைப்படும் விரல் தசைகளுக்கு வலுவூட்டுகின்றன. சுற்றுகளை எண்ணுவதும் வண்ணங்களை வரிசைப்படுத்துவதும் கணிதத்தின் தொடக்கப் பாடங்களே.

இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. தேசிய கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் புத்தகப் பை இல்லாத 10 நாள்களில் உள்ளூர்க் கைவினைஞர்களிடம் தொழில் பழக வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. கைவேலையைப் படிப்புக்கு இடையூறாகக் கருதாமல், படிப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

தேவையான பொருள்கள்

* நடுத்தரத் தடிமன் கொண்ட உல்லன் நூல்
* நடுவில் கட்டுவதற்கு உறுதியான பருத்தி நூல்
* பழைய அட்டைப் பெட்டியின் அட்டை
* முனை மழுங்கிய சிறுவர் கத்தரிக்கோல். பெரியவர்களுக்குக் கூர்மையான கத்தரிக்கோல்
* வெள்ளைப் பசை, வண்ணத் தாள்
* முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஊசி

கடைகளில் 'உல்லன்' என்ற பெயரில் கிடைக்கும் நூல்களில் பெரும்பாலானவை ஆட்டு ரோமத்தால் ஆனவை அல்ல. அக்ரிலிக் என்னும் செயற்கை இழையால் ஆனவை. விலை குறைவு, வண்ணங்கள் அதிகம் என்பதால் கைவினைக்கு இவை பொருத்தமானவை. ஆனால் நெருப்புப் பட்டால் உருகி எரியும் தன்மை கொண்டவை. புதிய நூல்தான் வேண்டும் என்பதில்லை. கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்து எடுத்த நூலும் போதுமானது.

பந்து செய்யும் மூன்று வழிகள்

1. விரல் முறை: பெரியவர் ஒருவர் தமது நான்கு விரல்களையும் சேர்த்து நீட்டிக்கொள்ள, குழந்தை அவற்றின் மீது 80 முதல் 100 சுற்றுகள் வரை நூலைச் சுற்ற வேண்டும். இறுக்கமாகச் சுற்றினால் விரல்களில் இரத்த ஓட்டம் தடைபடும். தளர்வாகவே சுற்ற வேண்டும். பின்னர் நூல் கற்றையை மெல்ல உருவி, நடுவில் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டி, இருபுறமும் உள்ள வளையங்களை வெட்டிவிட வேண்டும்.

2. முள்கரண்டி முறை: சிறிய பந்துகளுக்கு இது ஏற்றது. முள்கரண்டியின் பற்கள் மீது 40 முதல் 50 சுற்றுகள் சுற்றி, நடுப்பற்களின் இடைவெளி வழியாகப் பருத்தி நூலைச் செலுத்திக் கட்ட வேண்டும். பிறகு கரண்டியிலிருந்து உருவி, இருபுற வளையங்களையும் வெட்டினால் பந்து தயார்.

3. அட்டை வளைய முறை: சீரான பெரிய பந்து வேண்டுமெனில் இதுவே சிறந்தது. 7 செ.மீ. விட்டமுள்ள இரண்டு அட்டை வட்டங்களை வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் 2.5 செ.மீ. துளை இட வேண்டும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, துளை ஏறக்குறைய நிறையும் வரை நூலைச் சுற்ற வேண்டும். வெளி ஓரத்தில் இரு அட்டைகளுக்கும் இடையே கத்தரிக்கோலை நுழைத்துச் சுற்றிலும் வெட்டி, அதே இடைவெளியில் பருத்தி நூலைச் செலுத்திக் கட்ட வேண்டும். அட்டைகளை நீக்கினால், வட்டத்தின் விட்டத்தை ஒத்த அளவில் பந்து கிடைக்கும். இந்த வெட்டும் பணியைப் பெரியவர்கள் செய்வது நல்லது.

பந்து உதிர்ந்துபோவதற்கு முடிச்சின் தளர்வே பெரும்பாலும் காரணம். முதல் முடிச்சில் நூலை ஒருமுறைக்குப் பதிலாக இருமுறை உள்ளே செலுத்தி இழுத்தால் அது நழுவாது. அதன் மேல் மேலும் இரண்டு முடிச்சுகள் இட வேண்டும். பந்து சொரசொரப்பாகத் தெரிந்தால், உருட்டியபடியே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை வெட்டிச் சீராக்கலாம்.

செய்து பார்க்க ஐந்து கைவினைகள்

வண்ணம் பிரிக்கும் விளையாட்டு (4 வயது முதல்): நான்கு வண்ணங்களில் ஐந்தைந்து பந்துகளும் நான்கு கிண்ணங்களும் தேவை. குழந்தை இடுக்கியால் ஒவ்வொரு பந்தையும் எடுத்து, உரிய வண்ணக் கிண்ணத்தில் இட வேண்டும். பிறகு எண்ணிக்கை, கூட்டல், கழித்தல் என விளையாட்டை விரிவாக்கலாம். பந்துகளைப் பெரியவர்களே 5 செ.மீ. அளவில் செய்து கொடுப்பது பாதுகாப்பானது.

கம்பளிப்பூச்சி (5 வயது முதல்): பெயரிலேயே கம்பளியைக் கொண்ட பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான கைவினை இல்லை. ஒரே அளவிலான ஐந்து பந்துகளைப் பிளாஸ்டிக் ஊசியால் ஒரு நூலில் கோக்க வேண்டும். பச்சை, மஞ்சள், பச்சை என வண்ண வரிசையைக் குழந்தையே தீர்மானிக்கட்டும். முதல் பந்தில் தாளால் ஆன கண்களை ஒட்டினால் பூச்சி உயிர்பெறும்.

கோழிக்குஞ்சு (6 வயது முதல்): உடலுக்கு 7 செ.மீ., தலைக்கு 5 செ.மீ. என இரண்டு மஞ்சள் பந்துகள் தேவை. கட்டிய நூலின் மிச்ச முனைகளை வெட்டிவிடாமல் வைத்திருந்து, அவற்றைக் கொண்டே இரு பந்துகளையும் பிணைக்க வேண்டும். ஆரஞ்சு நிறத் தாளில் அலகும் கால்களும், கருப்புத் தாளில் கண்களும் வெட்டி ஒட்டலாம்.

புத்தகக் குறி (8 வயது முதல்): மூன்று நூல்களைச் சடைபோலப் பின்னி 30 செ.மீ. நீளக் கயிறு செய்து, இரு முனைகளிலும் சிறிய பந்துகளைக் கட்டினால் போதும். கயிறு பக்கங்களுக்கு இடையே இருக்க, பந்துகள் மேலும் கீழும் வெளியே தொங்கும். ஆசிரியருக்கோ தாத்தா பாட்டிக்கோ அன்பளிப்பாக அளிக்கலாம்.

வாசல் தோரணம் (8 வயது முதல்): ஒரு மீட்டர் அகல வாசலுக்கு, கட்டுவதற்காக இருபுறமும் 15 செ.மீ. கூடுதலாக விட்டு 130 செ.மீ. நூல் எடுக்க வேண்டும். வாசல் ஓரத்திலிருந்து 10 செ.மீ.க்கு ஒன்றாகக் கோத்தால் ஒன்பது பந்துகள் பிடிக்கும். இந்தக் கணக்கைக் குழந்தையையே போடச் சொல்லலாம். விளக்கு, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி ஆகியவற்றின் அருகே இத்தோரணத்தைக் கட்டவே கூடாது.

பெற்றோர் கவனத்திற்கு

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாம் பாம் பந்துகளைக் கொடுக்கக் கூடாது. கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் பருவம் அது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனைகளில், 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஆபத்தானதாகக் கருதப்படுகிறது. உருண்டை வடிவப் பொருள்களுக்கு இந்த அளவு 44.5 மி.மீ. நூல் பந்து அமுங்கும் தன்மையுடையது என்பதால், பார்வைக்குப் பெரிதாகத் தோன்றும் பந்தும் தொண்டைக்குள் நுழையக்கூடும். அண்ணனோ அக்காவோ செய்யும் பந்துகள் தம்பி தங்கையின் கைக்கு எட்டாமல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

உதிர்ந்த நூலிழைகள் கைக்குழந்தையின் விரல்களில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபட்டு வீக்கம் ஏற்படலாம். எனவே வேலை முடிந்ததும் தரையைப் பெருக்கிவிட வேண்டும். நீண்ட நூலில் கோத்த பந்துகளைத் தொட்டிலின் மேல் தொங்கவிடுவதும் ஆபத்து, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். சூடான பசைத் துப்பாக்கியைப் பெரியவர்கள் மட்டுமே கையாள வேண்டும்.

கடையில் பொம்மை வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பொம்மைகளுக்கு இம்முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாகும்.

தொண்டையில் சிக்கினால்

குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் தொடர்ந்து இருமவிட வேண்டும். இருமவோ, அழவோ, பேசவோ இயலாமல் திணறினால் உடனடியாக 112 எண்ணுக்கு அழைக்கச் சொல்லிவிட்டு முதலுதவியைத் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்புறம் சாயவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஐந்து முறை உள்ளங்கையால் தட்ட வேண்டும். பயனில்லையெனில், பின்புறமிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்த வேண்டும். பொருள் வெளியேறும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது; முதுகில் தட்டுவதுடன் மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். குழந்தை நினைவிழந்தால் இதயச் செயல் மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாத நிலையில் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது மேலும் ஆழமாகச் சென்றுவிடும். மூக்கில் நுழைத்துக்கொண்டாலும் வீட்டில் எடுக்க முயலாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே சரி.

முதல் பந்து கோணலாகத்தான் வரும். அதைப் பெரியவர்கள் திருத்தி வெட்டிவிடாமல், குழந்தை செய்தபடியே விட்டுவிடுவது நல்லது. மூன்றாவது, நான்காவது பந்தில் கை தானாகவே பழகிவிடும். வேலை முடிந்தபின் பந்துகளை எண்ணி மூடியுள்ள டப்பாவில் வைத்து, கத்தரிக்கோலை உயரத்தில் வைக்கும் பழக்கத்தையும் கைவினையோடு சேர்த்தே கற்றுக்கொடுக்கலாம்.