லாப்டொப்பின் எஃப்என் விசையும் சுண்டிக்குளி முத்தையாவும்

 

வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பழைய லாப்டொப்களில் சிலவற்றுக்கு நாங்கள் லினக்ஸ் போட்டுக் கொடுத்தோம். விண்டோஸ் வாங்கக் காசு வேண்டும், லினக்ஸுக்கு வேண்டாம். மூன்று திரும்பி வந்துவிட்டன. "சேர், திரை இருட்டு, பட்டன் வேலை செய்யேல்லை, பழுது" என்றார்கள் பிள்ளைகள். ஒரு தகப்பன் பழைய இரும்புக்குப் போடவே கேட்டார். பழுது லாப்டொப்பில் இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1981இல் வந்த ஐபிஎம் கணினியில் எஃப் விசைகள் பத்துத்தான், அதுவும் இடது பக்கத்தில். பிறகு பன்னிரண்டாகி மேல் வரிசைக்குப் போயின. லாப்டொப் வந்தபோது இடம் போதவில்லை. வெளிச்சம், சத்தம், வைஃபை எல்லாவற்றையும் அந்தப் பன்னிரண்டின் தலையிலேயே ஏற்றி, எஃப்என் என்ற விசையை மூலையில் வைத்தார்கள்.

ஒரு விசைக்கு இரண்டு வேலை கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. 1886இல் சுண்டிக்குளியில் பிறந்த முத்தையா, சிங்கப்பூரில் இருந்தபோது தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 247 எழுத்துக்கும் விசை வைக்க முடியாது. அதனால் அவர் கண்டது நகரா விசை. அதை அழுத்தினால் குறி விழும், தாள் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். அன்னபூரணிக் கப்பல் 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். முத்தையாவைத் தெரியாது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கவலைதான்.

முத்தையாவின் விசையை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். எஃப்என் அப்படியல்ல. சாதாரண விசை அழுத்தினால் ஓர் எண் இயங்குதளத்துக்குப் போகும். பல லாப்டொப்களில் எஃப்என் விசையின் எண் அங்கே போவதே இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சிறு சிப் அதைப் பிடித்துக்கொண்டு, தானே வெளிச்சத்தை மாற்றும், அல்லது ஏசிபிஐ வழியாக ஒரு செய்தி அனுப்பும். இந்த ஏசிபிஐ என்ற ஒழுங்கை 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா மூன்றும் வெளியிட்டன. ஆனால் எந்த விசைக்கு எந்தச் செய்தி என்பதை ஒவ்வொரு கொம்பனியும் தன் பாட்டுக்கு வைத்தது. விண்டோஸுக்கு மென்பொருள் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு விளக்கக் குறிப்புக்கூட இல்லை.

அதனால் லினக்ஸ்காரர்கள் ஒவ்வொரு விசையாக அழுத்தி, என்ன செய்தி வருகிறது என்று பார்த்து எழுதிவைத்தார்கள். ஐபிஎம் திங்க்பேடுக்கு பொரிஸ்லாவ் தெயானொவ் எழுதிய நிரல், 2007இல் திங்க்பேட்-ஏசிபிஐ என்று பெயர் மாறியது. பிரேசில்காரர் ஹென்ரிக் அதைத் தொடர்ந்து பராமரித்தார். தொஷிபாவுக்கு வேறு, ஆசுஸுக்கு வேறு, சொனிக்கு வேறு.

இன்னொரு வேடிக்கை. லாப்டொப் தொடங்கும்போது "நீ எந்த இயங்குதளம்?" என்று உள்ளிருக்கும் நிரல் கேட்கும். லினக்ஸ் உண்மையைச் சொன்னால், ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காத வழியில் கொம்பனி நிரல் போய்விடும். ஆகவே "விண்டோஸ்" என்றே லினக்ஸ் பதில் சொல்கிறது! பொய் சொல்லக் கூடாது என்று வகுப்பில் படிப்பிக்கும் நாங்கள் இதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

எங்களிடம் வந்த மூன்றில், தொடக்கக் கட்டளை வரியில் ஏசிபிஐ பேக்லைட் என்பதற்கு 'நேட்டிவ்' என்று கொடுத்ததும் ஒன்று வெளிச்சமாகியது. அடுத்ததற்கு 'வென்டர்' என்று கொடுக்க வேண்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இரண்டும் இப்போது சாதாரண தரப் பிள்ளைகளிடம் இருக்கின்றன. மூன்றாவது இன்னும் பிடி கொடுக்கவில்லை. அதில் திரை அமைப்புக்குள் போய் மவுஸால்தான் வெளிச்சம் கூட்டுகிறோம்.

இப்படி "பழுது" என்று ஒதுக்கிய லாப்டொப் யாருடைய வீட்டிலாவது இருந்தால், இரும்புக்குப் போடமுன் எங்களிடம் ஒருக்கால் காட்டுங்கள். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.